பக்கத்தில் அமர்ந்த பெருங்கலைஞர்: பாலுசாமி தீட்சிதர்

கச்சேரி மேடையில் நடுநாயகமாக வீற்றிருப்பவர் பாடகர். அவருக்கு ஒரு பக்கம் பிடில், மறுபக்கம் மிருதங்கம். அழைப்பிதழில் பாடகரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும்; பக்கவாத்தியக்காரர்களின் பெயர் அதன் கீழே சிறிய எழுத்தில் இடம்பெறும். கச்சேரி முடிந்து வீடு திரும்புவோர் தோடியைப் பற்றிப் பேசுவர். அந்தத் தோடியைப் பாடகரின் பின்னாலேயே நிழல்போல் தொடர்ந்து வந்த பிடிலைப் பற்றிப் பேசுவோர் சிலரே. இருந்தும், அந்தப் பிடில் ஒருநாள் மேடையில் இல்லாமற் போனால் கச்சேரி வெறிச்சோடிவிடும் என்பதை இசையறிந்தோர் அனைவரும் அறிவர்.

தமிழகத்தின் எல்லா இசை மேடைகளிலும் இன்று தவிர்க்க முடியாத இடம் பெற்றுள்ள இக்கருவி, இந்நாட்டில் பிறந்ததன்று. கடல் கடந்து வந்த ஐரோப்பியர் தம்மோடு கொண்டுவந்தது. அதைக் கையிலெடுத்து நம் இசைக்கு உரியதாக்கிய முன்னோடி என்று இசை வரலாறு குறிப்பிடும் பெயர் பாலுசாமி தீட்சிதர். சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதரின் இளைய சகோதரர் என்றே பெரும்பாலோர் அவரை அறிவர். அண்ணனின் பெயருக்குப் பக்கத்தில் வைத்தே அவர் பெயர் சொல்லப்படுகிறது. பக்கவாத்தியத்தின் வரலாற்றைத் தொடங்கிவைத்தவருக்கு இப்படி அமைந்தது பொருத்தம்தான் போலும்.

மணலியின் அரவணைப்பு

தீட்சிதர் குடும்பத்தின் மூத்தவர் இராமசாமி தீட்சிதர் (1735–1817). அம்சத்துவனி என்னும் இனிய இராகத்தை உருவாக்கியவர் என இசையுலகம் போற்றும் பேரறிஞர். திருவாரூரில் வாழ்ந்த அவருக்கு முத்துசாமி (1775), சின்னசாமி (1778), பாலுசாமி (1786) என மூன்று புதல்வர்களும், பாலாம்பாள் என்னும் மகளும் பிறந்தனர். திருவாரூர்த் தியாகேசர் சந்நிதியில் ஒலித்த நாகசுரமும் ஓதுவார்களின் பாடலும் அக்குழந்தைகளின் செவிகளை வளர்த்தன.

அக்காலத்தில் சென்னைக்கு வடக்கே மணலியில் வாழ்ந்த பெருஞ்செல்வர் முத்துகிருஷ்ண முதலியார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநர் பிகட்டிடம் துபாஷியாக இருந்தவர். சென்னப்பட்டினத்துச் சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் ஆலயங்கள் மீண்டும் எழுப்பப்பட்டபோது பெரும்பொருள் வழங்கியவரும் அவரே. தலயாத்திரையாகத் திருவாரூர் சென்ற முதலியார் இராமசாமி தீட்சிதரின் புலமையில் ஈடுபட்டு அவரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்துக்கொண்டார் என்பர். அவருக்குப் பின் அவர் மைந்தர் வேங்கடகிருஷ்ண முதலியார், சின்னையா முதலியார் என அழைக்கப்பட்டவர், அந்த ஆதரவைத் தொடர்ந்தார். இராமசாமி தீட்சிதர் 108 இராக தாளங்கள் அமைந்த மாலிகையை அவர் பெயரில் இயற்றி நன்றி பாராட்டினார்.

இன்று மணலி என்றவுடன் நினைவுக்கு வருவது 1969இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. அதைச் சூழ உரத் தொழிற்சாலையும் பிற ஆலைகளும் எழுந்தன. வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வரை செல்லும் வழியெங்கும் புகைபோக்கிகளும் சரக்கு லாரிகளும் கண்ணில் படுகின்றன. செங்கற்பட்டு மாவட்டத்திலும், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருந்த அவ்வூர் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. இரு நூற்றாண்டுகளுக்கு முன் இதே மண்ணில் ஒரு முதலியாரின் மாளிகை இசைக்கூடமாக விளங்கியது. அதே திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணியில், காசியிலிருந்து திரும்பிய முத்துசாமி தீட்சிதரின் வாயில் முதியவர் வடிவில் வந்த முருகன் கற்கண்டை இட்டார் என்றும், அன்று முதல் அவர் கிருதிகள் இயற்றத் தொடங்கினார் என்றும் மரபு கூறும். அண்ணனின் கலை திருத்தணி மலையில் தொடங்கியது. தம்பியின் கலை மணலியில் தொடங்கியது.

கோட்டையில் கேட்ட இசை

கம்பெனியாரோடு நெருங்கிய தொடர்புடைய முதலியார் தீட்சிதர் சகோதரர்களைச் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் செல்வதுண்டு. அங்கு ஐரோப்பியர் வாசித்த பேண்டு வாத்திய இசையை அவர்கள் கேட்டனர். பழக்கமில்லாத கருவிகள், பழக்கமில்லாத மெட்டுகள். கமகம் என்னும் அசைவு அவ்விசையில் இல்லை. சுரங்கள் ஒன்றையொன்று தழுவாமல் தனித்தனிப் படிக்கட்டுகளாக நின்றன.

சகோதரர் இருவர் அங்கிருந்து இருவேறு செல்வங்களைக் கொண்டுவந்தனர். முத்துசாமி தீட்சிதரைக் கவர்ந்தவை அந்த மெட்டுகள். அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் தெய்வத் துதிகளாகச் சொற்களை அமைத்தார். நோட்டுசுர சாகித்தியங்கள் என்று வழங்கும் அப்பாடல்கள் ஏறத்தாழ நாற்பது கிடைக்கின்றன. ஆங்கிலேயரின் அரச வாழ்த்துப் பாடலின் மெட்டுகூட அம்பிகையின் துதியாக மாறியுள்ளது.

பாலுசாமியைக் கவர்ந்ததோ பிடில் என்னும் கருவி. இளையவரின் ஆர்வத்தைக் கண்ட முதலியார், ஐரோப்பியர் ஒருவரை அமர்த்தி அவருக்கு முறையாகக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். மூன்றாண்டுகள் அப்பயிற்சி நடந்தது என்பது குடும்ப மரபாக வந்த செய்தி. வீணையில் தேர்ந்த குடும்பத்தில் பிறந்து, தந்தையிடமும் தமையனிடமும் இராகங்களின் நுட்பங்களைக் கேட்டு வளர்ந்தவர் அவர். ஆகவே வில்லைப் பிடிக்கும் முறையை அந்நிய ஆசிரியரிடம் கற்றாலும், அந்த வில்லால் என்ன வாசிக்க வேண்டும் என்பதை அவர் தம் வீட்டிலேயே கற்றிருந்தார்.

துபாஷி என்னும் சொல்லுக்கு இருமொழி அறிந்தவர் என்பது பொருள். வாணிகத்திலும் ஆட்சியிலும் இரு தரப்புக்கும் இடையே நின்று பேசியவர்கள் துபாஷிகள். ஒரு துபாஷியின் ஆதரவில் வளர்ந்த பாலுசாமி, இசையில் ஒரு துபாஷியாக ஆனார். ஆனால் வணிகத் துபாஷி இரண்டு மொழிகளையும் மாறி மாறிப் பேசுவார். பாலுசாமியின் கையில் இருந்த கருவி மேற்கத்தியது. அது பேசிய மொழி முழுவதும் நம்முடையது.

அந்நியக் கருவி உறவான விதம்

காலத்தையும் இங்கே கருத வேண்டும். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அதே ஆண்டில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். நாடு கைமாறிக்கொண்டிருந்தது. கோட்டைக்குள்ளிருந்து வரும் எதையும் ஐயத்தோடு பார்க்கக் காரணம் இருந்த காலம் அது. வைதிகக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் பறங்கியரின் கருவியை எடுத்து வாசிப்பது எளிய முடிவாக இருந்திருக்க முடியாது. ஆதிக்கத்தின் அடையாளமாக வந்ததைத் தம் மரபின் பணிக்கு ஏவல்கொள்வதற்கு ஒரு தெளிவும் துணிவும் வேண்டும்.

கருவியின் இயல்பும் அவருக்குத் துணை நின்றது. வீணையின் தந்தியை மீட்டினால் நாதம் எழுந்து மெல்லத் தேய்ந்துவிடும். பிடிலில் வில் ஓடுகின்ற வரை நாதம் நீளும். மனிதக் குரலைப்போல மூச்சுவிடும், தேம்பும், தழையும். அதில் வீணையைப்போல மெட்டுகள் பதித்த தடைகளும் இல்லை. விரல் ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லலாம். ஐரோப்பிய இசையில் அளவோடு பயன்பட்ட அந்த வழுக்கல், நம் இசையின் உயிராகிய கமகத்துக்கு அகலத் திறந்த வாயிலாயிற்று.

வாசிக்கும் நிலையும் மாறியது. மேற்கில் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ, மோவாய்க்கும் தோளுக்கும் இடையே பிடிலை இடுக்கிக்கொண்டு வாசிப்பர். இங்கே தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, அடிப்புறத்தைத் தோளிலும் மார்பிலும் சார்த்தி, சுருள்முனையைக் காலடியில் ஊன்றி வாசிக்கின்றனர். இதனால் இடக்கைக்குக் கருவியைத் தாங்கும் சுமை நீங்கியது. விரல்கள் தந்தியின் மேலும் கீழும் தடையின்றி ஓடும் உரிமை பெற்றன. சுருதி சேர்க்கும் முறையும் வேறாயிற்று. நான்கு தந்திகளும் பாடுபவரின் சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மாறி மாறி ஒலிக்கும்படி அமைந்தன. இவையெல்லாம் ஒரே தலைமுறையில் நிறைவுற்றவை அல்ல. கைகள் பல சேர்ந்து செதுக்கிய உருவம் இது. முதல் உளி பட்ட இடம் மணலி.

தஞ்சையில் சரபோஜி மன்னரின் அவையிலும் அக்காலத்தில் மேற்கத்திய இசைக்கு இடமிருந்தது. அங்கும் பிடில் பயிலப்பட்டது. முத்துசாமி தீட்சிதரின் மாணவர்களான தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அக்கருவியில் பெரும்புகழ் பெற்றார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தப் பிடில் ஒன்றைப் பரிசளித்தார். பாலுசாமி தொடங்கிய முயற்சி அவர் வாழ்நாளிலேயே அரசவைகள் போற்றும் கலையாகிவிட்டது.

பக்கவாத்தியம் என்னும் அறம்

பக்கவாத்தியம் வாசிப்பது தனியாக வாசிப்பதைக் காட்டிலும் கடினமானது என்பர் வித்துவான்கள். பாடகர் ஆலாபனையைத் தொடங்கும்போது அடுத்து எந்தச் சுரத்தில் நிற்பார் என்பது அவருக்கே உறுதியாகத் தெரியாது. பிடில்காரர் ஒரு நொடி பின்தங்கி, அவர் சென்ற வழியே செல்ல வேண்டும். முந்தினால் குறுக்கீடு, மிகவும் பிந்தினால் எதிரொலி. பாடகர் ஓய்ந்ததும் தமக்குக் கிடைக்கும் சிறு இடைவெளியில் அதே இராகத்தைத் தம் வழியில் காட்ட வேண்டும். ஆனால் பாடகர் எழுப்பிய மனநிலை கலைந்துவிடலாகாது. நிரவலிலும் கற்பனாசுரத்திலும் சொல்லுக்குச் சொல், கணக்குக்குக் கணக்கு விடையளிக்க வேண்டும். அறிந்ததையெல்லாம் காட்டிவிடாத அடக்கமும், கேட்டவுடன் காட்டிவிடும் ஆயத்தமும் ஒருங்கே அமைந்தவரே நல்ல பக்கவாத்தியக்காரர்.

இவ்வறம் நம் இசைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் ஜாஸ் இசைக் குழுக்களில் ஆளுயர டபுள் பாஸ் கருவியை அணைத்தபடி பின்வரிசையில் நிற்பவரும் இத்தகையவரே. எக்காளமும் சாக்சபோனும் வானில் பறக்க, காலடியில் நிலம் நழுவாமல் காப்பது அவருடைய பணி. மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற 1959ஆம் ஆண்டு இசைத்தட்டில் பாஸ் வாசித்த பால் சேம்பர்ஸ், 1969இல் தமது 33ஆம் வயதிலேயே மறைந்தார். எத்தனையோ பெருங்கலைஞர்களின் பக்கத்தில் நின்று வாசித்த அவருடைய பெயரை இசையில் தோய்ந்தோரே அறிவர். எனினும் அவருடைய நாதம் இசைத்தட்டுகளில் பத்திரமாக இருக்கிறது. வேண்டுவோர் இன்றும் கேட்கலாம்.

பாலுசாமிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அவர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தே தென்னக இசை இசைத்தட்டில் பதிவாகத் தொடங்கியது. கிருதிகளை இயற்றியவரின் படைப்பு சீடர்களின் குரலில் வாழும். பக்கவாத்தியமாக ஒரு மாலைப்பொழுதில் வாசித்தது அந்த மாலைப்பொழுதோடு மறையும். அண்ணனின் கிருதிகளை நூற்றுக்கணக்கில் இன்று பாடுகிறோம். அவற்றுக்குப் பக்கத்தில் தம்பியின் வில் எப்படி ஒலித்தது என்பதைக் கேட்டவர் ஒருவரும் இன்றில்லை.

எட்டயபுரம்

குடும்பம் மணலியிலிருந்து மீண்டும் திருவாரூர் திரும்பியது. 1817இல் தந்தை மறைந்தார். மூத்தவர் தஞ்சை சென்று தங்கினார். சின்னசாமியும் பாலுசாமியும் மதுரைப் பக்கம் சென்றனர். அங்கே சின்னசாமி காலமானார். இணைந்தே திரிந்த அண்ணனை இழந்த துயரத்தோடு பாலுசாமி இராமேசுவர யாத்திரையை மேற்கொண்டார். அந்தப் பயணத்தின் முடிவாக 1824ஆம் ஆண்டளவில் எட்டயபுரம் சமஸ்தானத்தில் ஆஸ்தான வித்துவானாக அமர்ந்தார். அங்கேயே அவருக்குத் திருமணமும் நடந்தது.

தம்பியின் இருப்பிடத்தை அறிந்த முத்துசாமி தீட்சிதர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வழியில் வறண்டு வெடித்துக் கிடந்த கரிசல் நிலத்தைக் கண்டு மனம் கசிந்து அமிர்தவர்ஷினியில் அம்பிகையைப் பாடினார் என்றும், மழை கொட்டியது என்றும் சொல்லப்படும் புகழ்பெற்ற வரலாறு இப்பயணத்தில் நிகழ்ந்ததே. அந்த மழையின் கதையைச் சொல்பவர் பலர். அண்ணன் அவ்வழியே நடந்தது தம்பியைக் காண்பதற்காக என்பதைச் சேர்த்துச் சொல்பவர் சிலர்.

எட்டப்பன் என்னும் பெயருக்கு மக்கள் வழக்கில் வேறொரு பொருள் ஏற்பட்டுவிட்டது. கட்டபொம்மனுக்கு எதிராகக் கம்பெனியின் பக்கம் நின்ற பாளையம் அது. அவ்வரலாற்றை மறைக்க வேண்டுவதில்லை. அதே சமஸ்தானம் புலவர்களையும் இசைவாணர்களையும் தலைமுறை தலைமுறையாக ஆதரித்தது என்பதும் வரலாறுதான். சீறாப்புராணம் தந்த உமறுப்புலவரின் ஊர் அது. பாலுசாமி அங்கே மன்னர்மீது தருக்களை இயற்றினார், பிடிலோடு வீணையும் வாசித்தார், மாணவர்க்குக் கற்பித்தார். ஆஸ்தான வித்துவான் என்ற முறையில் அவர் மேடையின் நடுவிலும் அமர்ந்தவரே. ஆயினும் வாழ்வின் மிகப்பெரிய பணி மீண்டும் அவரைப் பக்கத்திலேயே அமர்த்தியது.

முத்துசாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தில் தம்பியின் ஊருக்கே வந்து சேர்ந்தார். 1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில், சீடர்கள் பாடிக்கொண்டிருக்க, எட்டயபுரத்தில் அவருடைய ஆவி பிரிந்தது. அவருடைய சமாதியும் அவ்வூரிலேயே உள்ளது. மூவரில் கடையவர் தனித்து நின்றார்.

வழிவந்த செல்வம்

பாலுசாமிக்கு ஆண்மக்கள் இல்லை. மகள் வயிற்றுப் பேரனாக 1839இல் பிறந்த குழந்தையை மகனாகத் தத்தெடுத்துக்கொண்டார். அவரே சுப்பராம தீட்சிதர். இசையையும் வீணையையும் அவருக்குக் கற்பித்ததோடு, தம் நெஞ்சில் சுமந்திருந்த தமையனின் கிருதிகள் அனைத்தையும் அவரிடம் ஒப்படைத்தார். 1858இல் பாலுசாமி மறைந்தபோது அந்தச் செல்வம் பத்தொன்பது வயது இளைஞரிடம் பாதுகாப்பாக இருந்தது.

வித்தையை ஏட்டில் எழுதி ஊருக்குக் கொடுப்பதை விரும்பாத காலம் அது. ஐரோப்பிய இசைக் குறியீட்டில் நம் பாடல்களை அச்சிட்டுவந்த சின்னசாமி முதலியார் என்னும் அறிஞர், சுப்பராம தீட்சிதரிடமிருந்த கருவூலத்தின் அருமையை உணர்ந்து, அதை நூலாக்கித் தருமாறு எட்டயபுரம் மன்னர் வாயிலாக வேண்டினார். அதன் பயனாக 1904இல் எட்டயபுரத்து அச்சகத்திலேயே, தெலுங்கு எழுத்தில், சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் பெருநூல் வெளிவந்தது. ஒவ்வொரு சுரத்தின் அசைவையும் காட்டத் தனித்தனிக் கமகக் குறிகளோடு கிருதிகளைப் பதிவுசெய்த நூல் அது. இசைவாணர்களின் வரலாறும் அதில் இடம்பெற்றது. முத்துசாமி தீட்சிதரின் கிருதிகளை நாம் இன்று பாடம்பிசகாமல் அறிவதற்கு அந்நூலே பேராதாரம். பின்னர் சென்னை மியூசிக் அகாதெமி அதைத் தமிழ் எழுத்தில் பல பகுதிகளாக வெளியிட்டது. தொடக்கத்தில் மணலியில் ஒரு முதலியாரும், நிறைவில் எட்டயபுரத்தில் ஒரு முதலியாருமாக இக்குடும்பத்தின் கதை அமைந்திருப்பது வியப்பிற்குரியது. இருவருமே மேற்கின் இசையறிவை நம் இசைக்குத் துணையாக்க நினைத்தவர்கள்.

சுப்பராம தீட்சிதர் 1906இல் மறைந்தார். எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த ஒரு கவிஞர் அவருடைய மறைவுக்கு இரங்கி விருத்தங்கள் பாடினார். அக்கவிஞர் சுப்பிரமணிய பாரதி. மணலியில் தொடங்கிய ஓர் இசைமரபு தமிழின் புதுக்கவிதை யுகத்தைத் திறந்துவைத்தவரின் கண்ணீரில் வந்து கலந்தது.

பிடிலோ பின்னும் வளர்ந்தது. திருக்கோடிகாவல் கிருஷ்ணையர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, துவாரம் வேங்கடசாமி நாயுடு, மைசூர் சௌடையா, கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளை, பாப்பா வேங்கடராமையா எனப் பெருங்கலைஞர் வரிசை ஒன்று எழுந்தது. அவர்களிற் பலர் பக்கவாத்தியமாக வாசித்தே பெரும்பெயர் பெற்றனர். சிலர் பிடிலை மேடையின் நடுவுக்கும் கொண்டுவந்தனர்.

முத்துசாமி தீட்சிதர் கோட்டையிலிருந்து கொண்டுவந்த மெட்டுகள் இன்று சிறுவர்க்குக் கற்பிக்கும் இனிய பாடல்களாக வாழ்கின்றன. ஆனால் அவை மரபின் போக்கை மாற்றவில்லை. இளையவர் கொண்டுவந்த கருவி மரபின் உறுப்பாகவே ஆகிவிட்டது. புதியதொரு வடிவத்தைப் பிறமொழியிலிருந்து பெறும் கவிஞர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. வந்த வடிவம் தன் பழைய மெட்டையே இங்கும் பாடிக்கொண்டிருந்தால் விருந்தினராகவே இருக்கும். நம் மொழியின் அசைவுகளைத் தாங்குமாறு அதைப் பழக்கிவிட்டால் வீட்டுப்பிள்ளை ஆகிவிடும். பிறகு அது எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை.

பிடில் நம்முடையதா, வந்ததா என்று இன்று கச்சேரி கேட்போர் எவரும் கேட்பதில்லை. பாலுசாமி தீட்சிதரின் வாழ்க்கைக்கு அதைவிடப் பெரிய வெற்றி வேறில்லை.